ரோடு டாக்ஸ் கட்டியவர்

குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் ரோடு டாக்ஸ் கட்டியவர் ஒருவர் அதில் இருப்பார். சென்னையில் கொஞ்சம் அமோகமாகவே விளைகிறார். பணி ஓய்வு பெற்றவர்; முன்வரிசை நாற்காலி; மடியில் ரசீதுகள் பிதுங்கும் ஃபைல். வார்டு கவுன்சிலர் வந்து, "ஃபண்டு இல்லீங்க சார், நமக்கு நாமே திட்டத்துல போட்டுக்கலாம். மூணுல ஒரு பங்கு நீங்க குடுத்தா மீதியை கவர்மென்ட் குடுத்துடும்" என்று முடிப்பதற்குள் எழுந்துவிடுவார். "மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கார் வாங்கறப்போ ரோடு டாக்ஸ் கட்டினேன். டோல்கேட்ல கட்டறேன். பெட்ரோல் போட்டா அதுலயும் கட்டறேன். ஒரு ரோட்டுக்கு எத்தனை தடவைதான் கட்டறது?" கைதட்டல் எழும். கவுன்சிலர் உதவிப் பொறியாளரைப் பார்ப்பார். உதவிப் பொறியாளர் தன் செல்போனைப் பார்ப்பார்.

கைதட்டலுக்குத் தகுதியான கேள்விதான், விலாசம்தான் தவறு. பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை விலையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 18 சதவீதம் வாழ்நாள் வரி. அது ஆர்.டி.ஓ. ஆபீஸ் வழியாக மாநில அரசின் கஜானாவுக்குப் போகிறது. டோல்கேட் பணம் நெடுஞ்சாலைக்கு. பெட்ரோலில் ஒன்றிய அரசு பிடிக்கும் சாலை செஸ், மாநிலங்களோடு பங்கு போட வேண்டாத ரகம். அவர் வீட்டு வாசல் குழிக்குப் பொறுப்பாளியோ மாநகராட்சி. மேலிருந்து மாநில நிதி ஆணையப் பங்கு என்று ஏதோ இறங்கி வரும். அது போக, சொந்தமாக அதன் கையில் இருக்கும் பெரிய வருமானம் சொத்து வரி. ஆக, நம்மவர் கட்டியது எல்லாம் உண்மை, அவருடைய தெருவுக்குக் கட்டியது அதில் மிகக் கொஞ்சம் என்பதும் உண்மை.

இதைச் சொன்னால் அவர் ஃபைலிலிருந்து சொத்து வரி ரசீதை எடுப்பார். குரல் இன்னும் ஒரு கட்டை ஏறும். அதற்கும் நியாயம் உண்டு. சென்னையில் 1998-க்குப் பிறகு முறையான வரிச் சீராய்வு நிலைக்கவில்லை. 2018-இல் உயர்த்தினார்கள், 2019-இல் நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் 2022-இல், பழைய மாநகராட்சி எல்லைக்குள் 600 சதுர அடிக்குக் குறைவான வீட்டுக்கு 50 சதவீதம், 1800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு 150 சதவீதம் என்று ஒரே மூச்சில் ஏற்றினார்கள். தேர்தலுக்குத் தேர்தல் பயந்து இருபது வருஷத்துக்கு மேல் தொடாமல் விட்ட வரியை ஒரு நாள் திடீரென்று தொட்டால் யாருக்கும் ஷாக் அடிக்கும். வருஷா வருஷம் பணவீக்கத்தை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால், பால் விலையைப் போல அதையும் திட்டிக்கொண்டே கட்டியிருப்பார். ரோடு டாக்ஸ் கட்டியவரைக் கஞ்சன் என்று முத்திரை குத்துவது எளிது. கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கேட்காமலே கொடுக்கிற ஆள் அவர். கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது. அவரை உற்பத்தி செய்தது, வரி கேட்கவும் கணக்குக் காட்டவும் ஒருசேரக் கூச்சப்பட்ட அரசுகள்தான்.

சரி, வரி வேண்டாம், வசூலே செய்துகொள்வோம் என்கிறீர்களா? அந்த நமக்கு நாமே 1997 வாக்கில் பிறந்தது. 2011-இல் ஆட்சி மாறியதும் தன்னிறைவுத் திட்டம் என்று வேறு பெயரில் வந்தது, 2021-இல் பழைய பெயரிலேயே திரும்பியது. கட்சிகள் ஒத்துப்போன அபூர்வ விஷயங்களில் அந்த மூன்றில் ஒரு பங்கும் ஒன்று. ஆனால் அந்தப் பங்கைத் தெருவுக்குள் பிரிக்கும் கூட்டத்தைக் கற்பனை செய்யுங்கள். வீட்டுக்கு இவ்வளவு என்றால், தனி வீட்டுக்காரர் எட்டு ஃபிளாட் உள்ள அடுக்ககத்தைக் காட்டி, "அவங்க எட்டா, ஒண்ணா?" என்பார். வாசல் அகலத்தை அடியால் அளக்கலாம் என்றால், மூலை வீட்டுக்காரருக்குத் தன் கேட் அடுத்த தெருவில் இருப்பது நினைவுக்கு வரும். காருக்கு இவ்வளவு என்றால், கார் மகன் பேரில் இருக்கும், மகன் கனடாவில் இருப்பான். வாடகைக்கு இருப்பவர் ஓனரைக் கேட்கச் சொல்வார். ஓனர் போனை எடுக்க மாட்டார். தெருக்கோடி வீட்டுக்காரர் முழுத் தெருவையும் தேய்க்கிறாராம், முதல் வீட்டுக்காரர் பத்தடிதான் தேய்க்கிறாராம்! இத்தனை சண்டைக்கும் பரப்பளவு, பயன்பாடு என்று ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருப்பதுதான் சொத்து வரி. வசூல் என்பது சட்டம் இல்லாத வரி. கொடுக்காதவரைக் கேட்க நாதி கிடையாது. அதோடு, மூன்றில் ஒரு பங்கைப் புரட்ட முடியாத தெருவுக்கு மழைக்காலச் சேறுதான் மிச்சம்.

ஆலந்தூரில் நடந்ததே என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். நடந்தது. 1990-களின் பிற்பகுதியில் அந்த நகராட்சி பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் கேட்டது. சங்கங்கள் மூலம் பேசிப் பேசி மக்களும் கட்டினார்கள், திட்டமும் முடிந்தது. ஆனால் சாக்கடை இணைப்பு வீடு தேடி வரும் பொருள். கட்டினால் இணைப்பு, கட்டாவிட்டால் செப்டிக் டேங்க் லாரிக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ரோடு அப்படியில்லை. கொடுக்காதவர் வாசலை மட்டும் விட்டுவிட்டுத் தார் போட எந்த கான்ட்ராக்டராலும் ஆகாது. ஆலந்தூரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: எதற்கு, எவ்வளவு, எப்போது என்று முகத்துக்கு நேரே சொல்லிக் கேட்டால் நம் மக்கள் கொடுக்கிறார்கள்.

அப்படிக் கேட்டுச் சொத்து வரியை ஏற்றினாலும், அந்தக் கூடுதல் வரியை மாநகராட்சியின் சம்பளமும் கரன்ட் பில்லுமே தின்றுவிடும் என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. தின்னும்தான், யாரும் பார்க்காவிட்டால். ஆகவே தெருவாரியாகக் கணக்கு வேண்டும்: கடைசியாக ரோடு போட்ட வருஷம், எஸ்டிமேட், கான்ட்ராக்டர் பழுது பார்த்துத்தர வேண்டிய காலக்கெடு, கேபிளுக்காக வெட்டியவன் கட்டிய தொகை, பழைய தாரைச் சுரண்டி எடுத்தார்களா, அல்லது அதன் மேலேயே போட்டு வீடுகளைப் பள்ளமாக்கினார்களா. இதையெல்லாம் யார் உட்கார்ந்து படிப்பார்கள் என்று கேட்கலாம். நம்மவர் படிப்பார்! கமா விடாமல் படிப்பார். வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளுக்கு 2022-இல் விதிகள் வந்தாயிற்று; அதில் அவரை உட்கார வைத்து அந்தக் கணக்கைக் கையில் கொடுத்தால், கான்ட்ராக்டர் தெருவுக்குள் நுழையவே யோசிப்பார். சம்பளம் தர வேண்டாம், காபி போதும்.

அவர் வரி ஏய்ப்பவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அரையாண்டு பிறந்த முதல் வாரத்திலேயே சொத்து வரியைக் கட்டி, ஐந்து சதவீத ஊக்கத்தொகையைப் பைசா குறையாமல் கழித்துக்கொண்டுவிடுவார். அந்தச் சலுகைக்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு வைத்தது எந்த ஊர் நியாயம் என்பதுதான் அடுத்த கூட்டத்துக்கு அவர் கொடுத்திருக்கும் தீர்மானம். அவருக்குக் கிடைக்கும் சலுகை அந்த வரம்பின் கிட்டேகூட வராது.