தூசிச் சாசனம்: பாடபேதங்களுடன் ஓர் ஆய்வு

நின்றிருந்த காரின் பின்கண்ணாடியில் யாரோ விரலால் எழுதிப் போன 'என்னைக் குளிப்பாட்டு' என்னும் வாசகத்தை நம் ஆய்வுலகம் இதுவரை பொருட்படுத்தவில்லை. பானை ஓட்டில் இரண்டரை எழுத்துக் கிடைத்தால் இருநூறு பக்கம் எழுதுகிறவர்கள், முழு வாக்கியமே தெருவில் நிற்கும்போது சட்டையில் அழுக்குப் படும் என்று ஒதுங்கிப் போகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளைக் கடைசிவரை யாரும் படிப்பதில்லை என்பதால் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறோம்: சாலை அழுக்கு காரின்மேல் படிவதோடு நிற்பதில்லை, பெயின்ட்டுக்குள் இறங்கிவிடுகிறது. மேலே உள்ளதை எடுக்கத் தண்ணீர் போதும்; உள்ளே இறங்கியதை எடுக்கப் பாலிஷ் வேண்டும்.

முதலில் எழுதுபொருளைப் பார்ப்போம். காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு ஒன்று உண்டு. பளபளப்பு முழுவதும் அதனுடையது. அதன் பருமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். தலைமயிர் ஒன்று சுமார் 70 மைக்ரான். பத்து லட்சம் ரூபாய் வண்டியின் மானம் மயிரிழையினும் மெலிந்த ஒன்றில் தொங்குகிறது என்பர் நூலார். எந்த நூலார் என்று கேட்பது ஆய்வு மரபன்று.

திணை ஐந்து என்பதால் அழுக்கும் ஐந்தே. எண்ணிப் பார்த்தால் ஏழு வருகிறது. மரபைக் காக்க இரண்டை விட்டுவிட்டோம். தார், சக்கரத்தின் ஓரங்களில் தெறித்து ஒட்டும். போர் தண்ணீர், வெயிலில் காய்ந்து கால்சிய, மெக்னீசிய உப்புகளை வட்ட வட்டமாக விட்டுப் போகும். கழுவியதால் வந்த கறை என்பது இதன் தனிச்சிறப்பு. காக்கை எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் இளகிய பூச்சு, மாலையில் இறுகும்போது அந்த எச்சத்தின் வடிவத்தையும் தன்மேல் பதித்துக்கொள்ளும். நான்காவது இரும்பு. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டிஸ்க்கிலிருந்து தேய்ந்து பறக்கும் துகள் பெயின்ட்டில் ஒட்டி, ஈரம் பட்டதும் துருப்பிடிக்கிறது. வெள்ளைக் காரில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் காரே துருப்பிடித்துவிட்டது என்று உரிமையாளர் கலங்குவார். துரு பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த விருந்தாளியுடையது.

ஐந்தாவது புழுதி. நம் சாசனங்கள் எல்லாம் இதன்மேல்தான் எழுதப்பட்டுள்ளன. காலத்தால் முந்தியது ஒற்றைக் கோடு (காண்க: டிக்கி). அடுத்து அம்பு தைத்த இதயம் (காண்க: பின்கண்ணாடி, இடப்பக்கம்). அதன்பின் 'குளிப்பாட்டு' (காண்க: பின்கண்ணாடி, நடு, வைப்பர் எட்டாத பகுதி, மழைக்கு முந்திய பாடம்). மழைக்குப் பிந்திய பாடத்தில் 'குளி' மட்டுமே எஞ்சுகிறது. எனவே மூலத்தில் இருந்தது 'குளி' என்பதே, 'ப்பாட்டு' என்பது பாட்டில் ஈடுபாடுடைய பிற்காலத்தார் செருகல் என்று வாதிடுவோர் உளர் (காண்க: அதே கண்ணாடி, சாய்ந்த வெயிலில், மாலை ஐந்து மணிக்கு மேல், பக்கத்து வீட்டுச் சுவரோரமாகக் குனிந்து நின்று, வாட்ச்மேன் பார்க்காதபோது). இருபதாண்டு ஆய்வுப் பகை மூட்ட இது போதும்.

பகையைத் தீர்க்கும் சான்று டிக்கியில் இருக்கிறது. அங்கே எழுதியதைக் கழுவித் துடைத்தபின், வெயில் சாய்வாக விழும் வேளையில் பார்த்தால், போனதாக எண்ணிய எழுத்து மங்கலாக மீண்டும் தோன்றும். என்னை? எனின், புழுதியில் குவார்ட்ஸ் மணல் உண்டு. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அதன் இடம் 7. கிளியர் கோட்டோ அதைவிட மிக மென்மையான பிளாஸ்டிக். விரல் இழுத்துச் சென்றது தூசியை. தூசி கீறியது பூச்சை. தூசி போனாலும் கீறல் போகாது. ஆகவே இவற்றைச் சாசனம் என்பது உயர்வு நவிற்சி அன்று.

காலையில் பழைய பனியனால் தண்ணீரில்லாமல் துடைப்பவரும் இதே எழுத்துப் பணியைத்தான் செய்கிறார், பொருளில்லாமல். அவர் கையெழுத்து தெருவிளக்கின் கீழ் சிலந்தி வலைபோல் வட்டமாகத் தெரியும். உண்மையில் கீறல்கள் நாலாபக்கமும் ஓடுகின்றன. விளக்கைச் சுற்றி ஒளியைத் திருப்பும் திசையில் உள்ளவை மட்டும் கண்ணில் படுவதால் வட்டமென மயங்குகிறோம். இம்மயக்கத்தை வட்டமாகத் துடைத்ததன் விளைவு என்று எழுதிவைத்த ஒரு சாராரை மன்னித்துவிடலாம்.

இனி மறுப்புகள். மழையே கழுவிவிடும் என்பர். அற்றன்று, மழை அழுக்கை இடம் மாற்றும், அவ்வளவே. வெள்ளைக் காருக்குப் பாலிஷ் வேண்டாம் என்பர். அங்கே கீறல் மறைவது உண்மை, இரும்புப் புள்ளி மறையாது. வலுவான மறுப்பு ஒன்றே: பாலிஷும் பூச்சைத் தேய்க்கிறதே? தேய்க்கிறது. அதுதான் அதன் வேலை. நுண்ணிய அரைபொருளால் மேற்பரப்பை ஓரிரு மைக்ரான் சமன் செய்து, கீறலின் விளிம்பை மழுக்குகிறது. அதனால்தான் மாதந்தோறும் போடக் கூடாது. கீறலும் கறையும் பளபளப்பை உண்மையில் குறைத்திருக்கும்போது மட்டும், நன்றாகக் கழுவி, தாரையும் இரும்பையும் எடுத்தபின் போட வேண்டும். கழுவாத கார்மேல் போட்ட பாலிஷ், பனியன்காரரின் பணியை மெஷின் வைத்துச் செய்வதாகும். பாலிஷ் கணக்கு வைத்துத் தேய்க்கிறது. பனியன் தினமும் கணக்கில்லாமல் தேய்க்கிறது. பாலிஷையும் வாக்ஸையும் ஒன்றாக எண்ணுவோருக்கு ஒரு சொல்: முன்னது செதுக்கும், பின்னது போர்த்தும். செதுக்காமல் போர்த்தினால் கறை பத்திரமாக இருக்கும்.

பாலிஷ் போட்டால் அரிய சாசனங்கள் அழிந்துபோகுமே என்று வருந்தும் ஆய்வாளர்கள், போடுவதற்கு முன்பே செல்போனில் படமெடுத்துக்கொள்ளலாம். படியெடுக்க விரலைப் பயன்படுத்த வேண்டாம்.