முன்பனிக்காலச் சிற்றுலாவும் ஒட்டு ரோஜாவும்: செங்கல்பட்டு வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரையுள்ள நிலப்பரப்பில் குளிர்காலம் உண்டா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த தமிழ் மரபு மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என வரையறுத்திருப்பினும், சனவரி விடியற்காலையிலும் இக்கடலோரத்தில் வெப்பநிலை 20 பாகை செல்சியசை ஒட்டியே நிற்பதால், வெப்பமானி அதற்குச் சாட்சி சொல்ல மறுக்கிறது. ஆகவே வேறு சான்று தேடவேண்டியுள்ளது. மங்கி குல்லா, அதாவது கண்ணும் மூக்கும் தவிர மற்றதையெல்லாம் மூடும் கம்பளித் தொப்பி, அத்தகைய சான்று. மார்கழி பிறந்ததும் பீரோவிலிருந்து வெளிவரும் அது, அணிபவருக்குக் குளிர்கிறதா என்பதை நிறுவாவிடினும், நாட்காட்டியின்மேல் அவருக்குள்ள பற்றை நிறுவுகிறது.

இப்பருவத்துக்குரிய தொழில்கள் இரண்டு. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்பும் சிற்றுலா ஒன்று; தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகளில் கத்தரியும் தக்காளியும் வளர்க்கும் மாடித்தோட்டம் மற்றொன்று. இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டியிடுவதால் ஒன்றுக்கொன்று பகை என்பாரும் உளர். செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்ற கேள்வியில் பல பயணங்கள் நின்றுபோனது மெய்யே எனினும், அக்கொள்கை ஏற்கத்தக்கதன்று. ஏனெனில் சிற்றுலா முடிவதே ஒரு செடியில்தான்.

பயணத்தின் முதல் நிறுத்தம் வேடந்தாங்கல் என்க. நவம்பர் வாக்கில் வந்து சேரும் கூழைக்கடாக்களும் நத்தைகுத்தி நாரைகளும் இடும் எச்சத்தால் ஏரிநீர் உரமேறி, அது பாயும் வயல் செழிப்பதை ஊரார் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டனர். பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது அவர்கள் முறையிட, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளுக்குக் காப்பளித்து எழுதிக்கொடுத்தார். 1858-இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. எச்சமே உரம் என்பதைவிடப் பெரிய பாடம் இவ்வட்டாரத் தோட்டக்கலைக்கு இல்லை. சிற்றுலாக் குழுவோ கோபுரமேறி, பைனாகுலருக்கு முறைவைத்துப் பார்த்து, நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி, மாமல்லபுரத்தில் வெண்ணெய்ப் பந்துப் பாறையை ஆளுக்கொரு முறை கையால் தாங்குவதுபோல் படமெடுத்துக்கொண்டு, திரும்பும் வழியில் சாலையோர நர்சரியில் அதே தழைச்சத்தையும் மணிச்சத்தையும் கிலோ பாக்கெட்டில் விலைகொடுத்து வாங்குகிறது. கூடவே ஓர் ஒட்டு ரோஜா.

ரோஜாவைச் சற்று விரித்தே ஆராயவேண்டும். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலுள்ள ஓசூர், பெங்களூருப் பக்கத்துக் குளிர்ச்சியில் வளர்ந்து லாரியில் இறங்கும் இச்செடி, கறுப்புப் பாலித்தீன் பையில், செங்கல்லாக இறுகிய களிமண் உருண்டையுடன், ஒரு பூவும் இரண்டு மொட்டுமாகக் கைக்கு வருகிறது. அந்தப் பூவும் மொட்டும் மேட்டுநிலத்தின் சாதனை. அதற்குப் பின் நிகழ்வதே செங்கல்பட்டின் பங்களிப்பு. உருண்டையைக் கரைக்காமல் தொட்டியில் வைப்பதால் ஊற்றும் நீர் அதன் ஓரமாகவே வழிந்துபோக, தொட்டி சேறாகவும் வேர் வறண்டும் கிடக்கிறது. இலை உதிரத் தொடங்கியதும் எதிர்வீட்டார் முட்டையோட்டையும், மாடிவீட்டார் டீத்தூளையும், ஊரிலிருந்து வந்த பெரியம்மா வெங்காயத்தோலையும் பரிந்துரைக்க, மூன்றும் ஒரே மாலையில் இடப்படுகின்றன.

மாசியில் செடி திடீரெனத் துளிர்க்கும், வீடே மகிழும். கண் ஒட்டு என்பது காட்டு ரோஜாத் தண்டில் நல்ல ரகத்தின் மொட்டைச் செருகிக் கட்டும் முறையாதலின், ஒட்டுக்கு மேலுள்ள ரகம் பட்டுப்போனபின் கீழேயுள்ள காட்டுத்தண்டு தன்னுரிமையை நிலைநாட்டுவதே அத்துளிர். அதன் இலையில் பெரும்பாலும் ஐந்துக்குப் பதில் ஏழு சிற்றிலைகள் இருக்கும். துணி உலர்த்துவோர் கையைக் கீறும் முள்ளும் இருக்கும். எதிர்பார்த்த பூ மட்டும் வராது. இருந்தும் அதை வெட்ட மனம் வராமல் சித்திரை வரை நீர் ஊற்றுவோரே மிகுதி.

இவற்றால் பெறப்படும் முடிவு: உப்புக்காற்று வீசும் இக்கரையில் பூச்செடி வேண்டுவோர் அரளியோ நந்தியாவட்டையோ வாங்குக, ரோஜாதான் வேண்டும் என்பார், கடைத்தெருவில் பூவாகவே வாங்கிக்கொள்ளின் செலவு குறைவு.