தமிழ்ச் சினிமா போஸ்டர்களில் ஒட்டாமையும் விலையேற்றமும்: ஓர் ஆய்வு

சுவரில் ஒட்டுவதற்கென்றே அச்சடித்த ஒரு காகிதத்தை, அது சுவரில் ஒட்டப்படவே இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் வழக்கம் நம்மிடையே பரவிவருகிறது. வாங்கியவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தம் வீட்டுச் சுவரில் மாட்டுகிறார். ஆக, போஸ்டர் கடைசியில் சுவருக்கே வந்து சேர்கிறது. ஐம்பது ஆண்டு தாமதம், நடுவில் ஒரு வியாபாரி, அவ்வளவுதான். இத்தாமதத்தின் காரண காரியங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பாட்டுப் புத்தகம், ஸ்டில், லாபி கார்டு ஆகியவை ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளன. அவற்றைச் சேர்ப்பவர்கள் தனி இனம். போஸ்டர்க்காரர்களை அவர்கள் மதிப்பதில்லை.

இத்துறையின் அடிப்படை விதியை இவ்வாய்வாளன் பின்வருமாறு யாத்துள்ளான்:

ஒட்டிய தழியும் ஒட்டா துய்யும்
உய்ந்தது விலைபெறும் என்மனார் வணிகர்.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், போஸ்டரின் தலைவிதி உணர்த்துதல் நுதலிற்று. மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, பூச்சி அண்டாதிருக்க மயில்துத்தம் கலந்து, வாளியோடு ஒருவர் நள்ளிரவில் சைக்கிளில் கிளம்புகிறார். சுவரில் ஒரு பூச்சு, காகிதம், அதன்மேல் இன்னொரு பூச்சு. விடிந்தால் படம் ரிலீஸ். போஸ்டரின் கடமை அதோடு தொடங்கி, அடுத்த மழையிலோ அடுத்த வெள்ளிக்கிழமையிலோ முடிந்துவிடுகிறது. இரண்டுக்கும் முன்பே பசை வாசத்துக்கு மாடு வந்துவிடுவதும் உண்டு. மயில்துத்தம் பூச்சிகளுக்கான எச்சரிக்கை. மாடுகள் அதைத் தமக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டதில்லை. பொது இடங்களின் அழகைக் கெடுப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே ஒரு சட்டம் வந்தது. அதைக் கறாராக நடைமுறைப்படுத்திய ஒரே தரப்பு மாடுகள்தான் என்பது தெருவில் நடந்து போகும் எவருக்கும் விளங்கும்.

ஆகவே, இன்று நம் கைக்குக் கிடைக்கும் ஒவ்வொரு பழைய போஸ்டரும் வேலைக்குப் போகாத போஸ்டர். சென்னை மீரான் சாகிப் தெருவில் விநியோகஸ்தர் அலுவலகப் பரணில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது, தியேட்டர் மானேஜர் வீட்டு அலமாரித் தட்டில் தலைகீழாய் விரித்துக் கிடந்தது, டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் படுத்திருந்தது என இவை மூவகைப்படும். ஊரெல்லாம் வெயிலில் நின்று கூட்டம் சேர்த்தவை மாட்டின் வயிற்றுக்குள் போயின. பரணில் தூங்கியவைதான் இன்று ஏலத்துக்கு வருகின்றன.

இதிலிருந்து ஒரு கிளைத்தேற்றம் பிறக்கிறது. நூறு நாள் ஓடிய படத்துக்குப் போஸ்டர் போதாமல் மறுபடி அச்சடித்து ஒட்டியிருப்பார்கள், மிச்சம் இராது. மூன்றாம் நாளே பெட்டி திரும்பிய படத்துக்குக் கட்டு கட்டாக மிஞ்சும். எனவே வெற்றிப்படத்தின் போஸ்டர் அரிது, தோல்விப்படத்தின் போஸ்டர் மலிவு. தயாரிப்பாளரை நடுத்தெருவில் நிறுத்திய படத்தின் போஸ்டர் மட்டும் அறுபது ஆண்டு கழித்தும் மடிப்புக் கலையாமல் இருப்பது தர்மமா என்ற வினா இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.

தேற்றத்தின் உச்சநிலை எடுத்துக்காட்டு எம்.ஜி.ஆரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’. 1973 மே மாதம் அப்படம் வெளியானபோது சென்னையில் சுவரொட்டிக்கான வரி ஏறியிருந்தது. போஸ்டர் இல்லாமலே படம் வந்தது. பின்னாளில் நகைச்சுவை நடிகராகப் பெயர்பெற்ற ஓவியர் பாண்டு வடிவமைத்த ஸ்டிக்கர்கள்தாம் ஊரெங்கும் ஒட்டப்பட்டன. அப்படத்தின் முதல் வெளியீட்டுச் சென்னைச் சுவர் போஸ்டர் தம்மிடம் இருப்பதாக ஒருவர் சொன்னால், அவரோடு பணிவாகத் தேநீர் அருந்திவிட்டு எழுந்து வருவது நலம்.

எதிர்ச்சான்று ஒன்றை மறைப்பது ஆய்வு நேர்மைக்கு அழகல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெர்விக் என்னும் சிற்றூரில், 1930–31ஆம் ஆண்டுப் போஸ்டர்கள் 33, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட தடித்த அட்டைபோல் ஒரு பரணில் கிடைத்தன. தியேட்டர்க்காரர் பழையதைக் கிழிக்கச் சோம்பி, அதன்மேலேயே புதியதை ஒட்டிக்கொண்டு போயிருக்கிறார். நீராவி காட்டித் தாள் தாளாகப் பிரித்தெடுத்தார்கள். 2012 ஏலத்தில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. ஒட்டியது அழியும் என்ற விதி இங்கே தளர்வதுபோல் தோன்றும். எனினும் அவை கிடந்தது பரணில், பெர்விக் மாடுகளுக்கு எட்டாத உயரத்தில், என்பதைக் கருதுக. ‘டிராகுலா’வின் 1931 போஸ்டர் ஒன்று 2017-ல் 5,25,800 டாலருக்கு ஏலம் போனதும் இவ்விதிக்கு அடங்கியதே.

இனி, போலியைக் கண்டறியும் முறை. வியாபாரிகள் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். தொடுவதால் விரலில் தூசி ஒட்டுமே தவிர அறிவு ஒட்டாது. இவ்வாய்வாளன் பரிந்துரைப்பது எழுத்துச் சோதனை. 1978-ல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணா, றா, னா, லை, ளை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவம் மாறிற்று. அதற்கு முன் ‘லை’க்கு முன்னால் தும்பிக்கை தூக்கியிருக்கும், ‘னா’ தன் காலைத் தனியே நீட்டாமல் சுழித்து உள்ளே மடக்கியிருக்கும். ஆகவே 1968-ல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ சேகரிப்பாளருக்கு வாய்த்த வரம்: தலைப்பிலேயே இரண்டு ‘னா’. ‘காதலிக்க நேரமில்லை’, ‘திருவிளையாடல்’, ‘எங்க வீட்டுப் பிள்ளை’, ‘மலைக்கள்ளன்’ ஆகியவையும் சோதனைக்கு உட்படுவன. ‘பராசக்தி’, ‘மதுரை வீரன்’, ‘பாசமலர்’ முதலியன தலைப்பளவில் உட்படாதன. அவற்றின் போலிகளே சந்தையில் மிகுந்திருப்பதில் வியப்பில்லை. ஒன்று கவனிக்கத்தக்கது. தலைப்பெழுதும் ஓவியர்களின் கை அரசாணை வந்த மறுநாளே திருந்திவிடாது. எனவே பழைய எழுத்து பழைமைக்குச் சான்றாகாது. புதிய எழுத்து புதுமைக்குச் சான்றாகும்.

இச்சோதனையைக் களத்தில் செய்து பார்த்தபோது நிகழ்ந்தது வருமாறு. வியாபாரி பாயில் விரித்தது ‘தில்லானா’. சிவாஜி கையில் நாகஸ்வரம். பத்மினி கண்ணில் கேள்வி. காகிதம் நல்ல பழுப்பு.

“ரிலீஸ் டைம் போஸ்டர் சார். கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கணும்.”

“அண்ணே, இந்த ‘னா’வுக்குக் கால் தனியா இருக்கே. 68-ல இப்படிப் போட மாட்டாங்களே?”

அவர் குனிந்து, இரண்டு ‘னா’வையும் மாறி மாறிப் பார்த்தார். “சிவாஜி சாரு எப்பவுமே பத்து வருஷம் முன்னாடி இருந்தவரு சார்” என்றார்.

இவ்வாதத்தை மறுக்கும் தரவு எதுவும் கைவசம் இல்லை. காகிதத்தை முகர்ந்ததில் ஏலக்காய் மணத்தது. பழுப்பு நிறத்தின் பிறப்பிடம் டீ டிகாஷன் என்பதோடு, அது ஸ்பெஷல் டீ என்பதும் தெரியவந்தது.

துணைச் சோதனைகள் சில. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்டு 15-ல்தான் வந்தது. அடியில் உள்ள முகவரி ‘சென்னை-17’ என்றிருந்தால் மேலே படிக்கலாம், ‘600 017’ என்றிருந்தால் 1965-ன் ஒரிஜினல் என்ற பேச்சை அங்கேயே நிறுத்தலாம். ‘புத்தம் புதிய காப்பி’ என்று கொட்டை எழுத்தில் இருந்தால் படம் பழையது, போஸ்டர் மறுவெளியீட்டுக்கானது. புதுப்படத்துக்கு அதைச் சொல்லும் தேவை எவருக்கும் எழுந்ததில்லை.

அளவைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊர் ஒற்றை ஷீட் 30-க்கு 40 அங்குலம். அமெரிக்கப் பழைய போஸ்டர் 27-க்கு 41. ஆறு ஷீட் போஸ்டர் துண்டுகளாக அச்சாகிச் சுவரில்தான் ஒரே படமாகும். எனவே ஒட்டாமல் தப்பிய ஆறு ஷீட் எதுவும் முழுமையாகத் தப்பியிருக்கும் என்று சொல்ல முடியாது. சேகரிப்பாளர் ஒருவரிடம் எம்.ஜி.ஆரின் பூட்ஸும் அச்சகத்தின் பெயரும் உள்ளன. இன்னொருவரிடம் நம்பியாரின் இடது கண்ணும் பாதிப் புருவமும். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கொள்வோர் மனநிலை தனி ஆய்வுக்குரியது. அவரவர் இல்லத்தரசிகள் அதைத் தெளிவாகவே வகைப்படுத்திவிட்டதால் இங்கு விரிக்கவில்லை. குப்பை எனப் பிறர் ஒதுக்கியதைச் சேர்த்தவர்களில் முதல் வணக்கம் கோட்டையூர் ரோஜா முத்தையாவுக்கு உரியது. பெயர்ப்பலகை எழுதிய அவர் நூல்களோடு நோட்டீஸ், அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தார். அத்தொகுப்பிலிருந்தே 1994-ல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் எழுந்தது. அவர் சேர்த்தது படிப்பவர்களுக்காக. மற்றவர்கள் சேர்ப்பது வரவேற்பறைக்காக.

இறுதியாக எஞ்சுவது ஃபிளெக்ஸ். இதற்குப் பசை இல்லை, ஒட்டப்படுவதில்லை, கட்டப்படுகிறது, மாடு தின்றாலும் செரிப்பதில்லை. நூற்பாவின்படி ஒட்டாதது உய்ய வேண்டும், உய்கிறது. உய்ந்தது விலைபெற வேண்டும், பெறவில்லை. பட்டாபிஷேகக் கோலத்தில் நிற்கும் நட்சத்திரத்தைச் செங்கல் லோடு மீது போர்த்துகிறார்கள், குடிசைக்கு மழைத்தடுப்பாய் விரிக்கிறார்கள், பழ வண்டிக்கு நிழலாய்க் கட்டுகிறார்கள். நூற்பாவுக்கு ஒரு புறனடை தேவைப்படுகிறது. அது யாக்கப்படும் வரை, ஃபிளெக்ஸ் ஹீரோவின் முகத்துக்குத் தனி விலை கிடையாது. தார்ப்பாய்க் கடைக்காரர் சதுர அடிக் கணக்கில்தான் தருவார்.