திருகோணமலை ஆட்டக்காரர்களுக்கு ஒரு புகழ்மாலை

எதிராளியின் பலத்தை எடைபோடத் தெரியாதவன் 'சிவிலைசேஷன்' ஆட உட்காரவே கூடாது என்பார்கள் எங்கள் கிண்ணியாப் பொடியன்மார். இஷா தொழுதுவிட்டு ஆளாளுக்கு ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு இருந்தார்கள் என்றால் சுபஹு பாங்கு வரைக்கும் ஆட்டம் போகும். ஒருவர் ஆடி முடிக்கும்வரை மற்றவர் பொறுத்திருக்க வேண்டும். முறை வந்தால்தான் கை வைக்கலாம். சிட் மையர் 1991இல் கொண்டுவந்த ஆட்டம் இது. ஆறாவது பதிப்பு 2016இல் வந்தது. அதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வரம் உண்டு: போர்த்துக்கலுக்குக் கடல் வணிகம், இங்கிலாந்துக்குக் கடற்படைத் துறை, ஒல்லாந்துக்கு நீரை ஒதுக்கி நிலமாக்கும் வித்தை, ஜப்பானுக்குக் கரையோரப் போர். யாரிடம் என்ன வரம், யார் முதலில் பாய்வார், யார் கடைசிவரை சிரித்துக்கொண்டே இருப்பார் என்று கணக்குப் போட்டுத்தான் முதல் அடி வைப்பார்கள்.

நம் நாட்டையும் அந்த ஆட்டத்தில் மறந்துவிடவில்லை. கண்டி இருக்கிறது. ஆடும் நாடாக அல்ல, நகர அரசாக. ஆடுகிற பெரியவர்கள் அதற்குத் தூதர்களை அனுப்புவார்கள். எல்லாரையும்விட அதிகமாக, குறைந்தது மூன்று தூதர்களையாவது, அனுப்பியவர் அதற்கு மேலதிபர் ஆவார். இதை எழுதியவர் கொழும்பில் சில காலம் இருந்துவிட்டுப் போனவராக இருக்க வேண்டும்.

பொடியன்மாரின் எடைபோடலில் எனக்கு ஒரேயொரு குறைதான். அவர்கள் திரையைப் பார்த்துக் கணிக்கிறார்கள். கிண்ணியாவின் களப்போரத்தில் இருக்கும் குறிஞ்சாக்கேணிக்காரருக்கு அந்தச் சிரமம் தேவையில்லை. இந்தப் பக்கம் கிண்ணியா, தம்பலகாமம் குடாவுக்கு அக்கரையில் சீனக்குடா, அதற்கும் அப்பால் உலகமே பொறாமைப்படும் துறைமுகம். நானூறு ஆண்டுகளாக வந்தவர்கள் எல்லாரும் ஆடியது எங்கள் மேல்தான். பலகைக்குத் தெரியாத காலடி உண்டா? ஆகவே இம்மகா ஆட்டக்காரர்களின் திறமைகளை உரிய மரியாதையோடு பதிந்து வைப்பது நம் கடமை.

தன்னடக்கத்துக்கான பரிசு டேனியருக்கு. ஓவே கெத்தே என்ற இளம் தளபதியின் கப்பல்கள் 1620இல் வந்தன. திருகோணமலையில் ஒரு கோட்டையைத் தொடங்கினார்கள். கண்டி அரசனோடு பேச்சு ஒத்துவரவில்லை. அதே ஆண்டு தஞ்சை நாயக்கரிடம் தரங்கம்பாடியை வாங்கிக்கொண்டு போனார்கள். இங்கே எதையும் முடிக்காமல் போன வல்லரசு அது. இந்த ஊருக்கு அதைவிடப் பெரிய உபகாரத்தைப் பிறகு வந்த எவரும் செய்யவில்லை.

போர்த்துக்கேயரின் சிக்கனத்தை எப்படிப் புகழ்வது? சாதாரணப் படையெடுப்பாளர் என்றால் கோயிலை இடித்துக் கல்லைக் கடலில் போட்டுவிட்டுப் போயிருப்பார். கொன்ஸ்டன்ரீனோ டி சா அப்படி ஊதாரித்தனம் பண்ணவில்லை. 1622இல் கோணேசர் கோயிலை இடித்தார். அதே கல்லில் கோட்டையை எழுப்பினார். சித்திரைப் புத்தாண்டு அன்று சாமி ஊர்வலம் போயிருந்த நேரமாகப் பார்த்து, அந்தணர் வேடத்தில் ஆட்களை உள்ளே அனுப்பினார் என்றும் சொல்வார்கள். பண்டிகை நாளை மதிக்கத் தெரிந்த மனிதர்! பின்னாளில் ஆங்கிலேயர் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வைத்த அந்த இடத்துக்குப் போகிறவர்கள் வாசலில் சற்று நின்று பாருங்கள். வாசல் நிலைக் கல்லில் இரட்டைக் கயல் செதுக்கியிருக்கும். பக்கத்தில் உடைந்துபோன தமிழ்க் கல்வெட்டு. குளக்கோட்டன் கட்டியதைப் பறங்கி உடைப்பான் என்று சொல்வதாகப் படிக்கப்படும் கல்வெட்டு அது. தங்களைப் பற்றிய முன்னறிவிப்பையே எடுத்து வாசல் கல்லாக வைத்துக் கட்டிய பெருந்தன்மை வேறு எந்த நாகரிகத்துக்கு வரும்?

ஒல்லாந்தர் நட்புக்கு இலக்கணம். போர்த்துக்கேயரை விரட்டித் தருகிறோம் என்று இரண்டாம் இராஜசிங்கனுக்கு வாக்குக் கொடுத்தார்கள்; 1639இல் திருகோணமலையில் விரட்டியும் காட்டினார்கள். அதற்கு முந்திய ஆண்டில் எழுதிய உடன்படிக்கையில், பிடித்த கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருப்பது 'அரசன் விரும்பினால்' என்று ஒரு சிறு நிபந்தனை இருந்தது. அரசனிடம் கொடுத்த பிரதியில் அது இருந்தது. தங்கள் கையில் வைத்துக்கொண்ட பிரதியில் அது இல்லை. பிரதி எடுப்பதில் இப்படிப்பட்ட நுணுக்கம் கணினி ஆட்டத்தில்கூடக் கிடையாது. அங்கே இரண்டு பேருக்கும் ஒரே திரைதான் தெரியும். விரட்டிக் கொடுத்த துறைமுகத்துக்குப் பின்னொரு காலம் தாங்களே திரும்பி வந்து, 1795 வரை அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

பார்த்துக்கொண்டதில் ஓர் ஆண்டுதான் கொஞ்சம் தடுமாற்றம். அந்த 1782ஐ விரிவாகச் சொல்லாமல் இருக்க முடியாது. சனவரியில் ஆங்கிலேயத் தளபதி எட்வேர்ட் ஹியூஸ் வந்து ஒல்லாந்தரிடமிருந்து துறைமுகத்தைப் பறித்தார். ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் வந்து ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். உதவிக்குக் கப்பல்களோடு ஓடிவந்த ஹியூஸ் பார்த்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. செப்டெம்பர் 3ஆம் தேதி வெளிக்கடலில் இருவரும் மோதினார்கள். சுட்டார்கள், சுட்டார்கள், இருட்டும்வரை சுட்டார்கள், யாரும் வெல்லவில்லை. சண்டையிலே தப்பிய பிரெஞ்சுக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில் தானாகவே மோதி உடைந்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் சமாதானம் பேசினார்கள். துறைமுகம் யாருக்கு? மீண்டும் ஒல்லாந்தருக்கு. நூற்றுக்கணக்கான மாலுமிகளின் உயிரையும் உடலையும் செலவழித்துப் பலகையைத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்துவது எளிய காரியம் அல்ல. அதற்கு இரண்டு பெரிய நாகரிகங்கள் சேர்ந்து உழைக்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரரின் விடாமுயற்சி இதற்கு நூறாண்டுக்கு முன்பே தெரிந்த ஒன்று. 1672இல் தெ லா ஹே என்பவரின் படை கொட்டியாரக் குடாவுக்கு வந்து, இடத்தை மெச்சிவிட்டு, ஒல்லாந்தர் துரத்தும்வரை இருந்தது.

ஆங்கிலேயருக்கு வருகிறேன். இவர்களைப் புகழ ஒரு கட்டுரை போதாது. மற்றவர்கள் ஊரைப் பிடித்தார்கள். ஆங்கிலேயர் பெயரையும் எடுத்துப் போனார்கள். பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய போர்க்கப்பலுக்குத் 'திருகோணமலை' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் கப்பல் இன்றும் மிதக்கிறது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில், அருங்காட்சியகமாக. இருநூறு ஆண்டு கடந்த ஒரு மரக்கப்பலை மூழ்காமல் காப்பதற்கு எவ்வளவு அக்கறை வேண்டும்! திருகோணமலை என்ற பெயர் தாங்கிய கலம் ஒன்று இப்படிப் போற்றப்படுவதைக் கேட்டு, இங்கே களப்பைக் கடக்கிறவர்கள் பெருமைப்பட்டிருப்பார்கள்.

1930களில் அவர்கள் சீனக்குடாவில் எண்ணெய்த் தொட்டிகளைக் கட்டினார்கள். இன்று எஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் பிடிக்கும். உருக்குத் தகடும் தடித்த சுவருமாகக் கட்டிய கட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. 1957இல் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். எண்ணெய் வைக்க நூறு தொட்டி கட்டினவர்கள் சனங்கள் கடக்க எத்தனை பாலம் கட்டினார்கள் என்று கேட்பது நன்றிகெட்ட வேலை. எண்ணெய் கப்பலுக்கு வேண்டும். கப்பல் பாலத்தில் போவதில்லை.

ஜப்பானியர் நேரத்தை வீணாக்காதவர்கள். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி காலையில் வந்தார்கள், குண்டு போட்டார்கள், தொட்டி ஒன்று எரிந்தது, போய்விட்டார்கள். வந்த வேலையை ஒரே காலையில் முடித்துக்கொண்ட ஒழுங்கை மற்றவர்களும் பழகியிருக்கலாம்.

பொறுமை என்றால் இந்தியா. 1987 யூலை 29ஆம் தேதி ஜே.ஆர். ஜெயவர்தனவும் ராஜீவ் காந்தியும் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையை எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் கொடுப்பதில்லை. தொட்டிகளை இரு நாடும் சேர்ந்து திருத்துவது. பிறகு பதினாறு ஆண்டு கழித்து, 2003இல், தொட்டிகள் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் கிளையான லங்கா ஐஓசிக்குக் குத்தகையாயின. பாவனைக்கு வந்தவை கீழ்ப் பண்ணையில் இருந்த பதினைந்துதான். மேல் பண்ணையில் இருந்த 84ஐயும் காடு பார்த்துக்கொண்டது. 2022 சனவரியில் புதிதாகப் பிரித்தார்கள்: 14 ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு, ஐம்பது ஆண்டுக்கு. கூட்டிப் பாருங்கள், 99 சரியாக வரும். ஒரு தொட்டிகூடக் கணக்கில் தவறவில்லை. அதே ஆண்டின் நடுவில் நாடு முழுவதும் எரிபொருள் இல்லாமல் போனது. மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற மீனவருக்கு, பத்து இலட்சம் கிலோலீற்றருக்கு மேல் பிடிக்கும் தொட்டிகள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன என்ற ஆறுதல் எவ்வளவு பெரியது! ஆசியாவின் வேறெந்த மீனவருக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

சம்பூரிலும் அதே பொறுமை. 2006இல் போர் அந்தச் சனங்களை ஊரைவிட்டு எழுப்பியது. அவர்கள் ஆண்டுக்கணக்கில் முகாம்களில் இருந்தபோது, அவர்கள் மண்ணில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வைக்க இரு நாடும் கையெழுத்து வைத்தன. 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் சூரியமின் திட்டத்தைத் தொடக்கி வைத்தார்கள். திருகோணமலையை வலுசக்தி மையமாக்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கையும் செய்துகொண்டன. நிலக்கரியிலிருந்து வெயிலுக்கு வந்தது நல்ல முன்னேற்றம். வெயிலுக்கு எங்களிடம் ஒருநாளும் தட்டுப்பாடு இருந்ததில்லை.

சீனாவின் திறமை இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும். 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக்கு எடுத்தது. திருகோணமலையில் அது ஒரு காயையும் வைக்கவில்லை. ஆனாலும் இங்கே மற்ற எல்லாரும் ஆடுவது சீனா ஆடிவிடுமோ என்று நினைத்துத்தான். கை வைக்காமலே ஆட்டத்தை நடத்துகிறவரைப் பொடியன்மாரும் இன்னும் பார்த்ததில்லை.

ஆட்டத்திலேயே சேராத ஒரு நாட்டை இங்கே சொல்வது முறையில்லைதான். கிண்ணியாப் பாலத்துக்குக் காசு கொடுத்தது சவூதி அரேபியா. 396 மீற்றர் நீளம், 2009 ஒக்டோபரில் திறந்தார்கள். துறைமுகத்தைக் கேட்காமல் பாலத்தைக் கட்டிக் கொடுத்தால் அது என்ன ஆட்டம்? எடைபோடுவதற்கு ஏற்ற ஆள் இல்லை. விட்டுவிடுவோம்.

கடைசியாக, நம் சொந்த ஆட்டக்காரர்கள். கொழும்பில் எந்தக் கட்சி இருந்தாலும் திருகோணமலையின் முக்கியத்துவத்தை அது மறந்ததில்லை. உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பேசாத அமைச்சர் இல்லை. அத்தனை ஆழம், அத்தனை பாதுகாப்பு, எந்தப் புயலிலும் கப்பல் அசையாது.

குறிஞ்சாக்கேணிக் களப்பில் அந்த ஆழம் இல்லை. பழைய பாலம் பாவனைக்கு உதவாமல், புதிய பாலம் வேலையில் இருந்ததால் சனங்கள் மிதப்புப் பாதையில் கடந்தார்கள். 2021 நவம்பர் 23ஆம் தேதி காலை, பாடசாலை நேரம், அது கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் இறந்தார்கள், அதிகமானோர் பிள்ளைகள். பிறகு எண்ணிக்கை கூடியது.

அதற்குப் பிறகு நடந்தவற்றின் வேகத்தை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அனுதாபச் செய்தி உடனே வந்தது. விசாரணை உடனே வந்தது. பாதைக்கு அனுமதி கொடுத்தது யார், மேற்பார்வை யாருடைய பொறுப்பு, பாலம் எந்தத் திணைக்களத்துக்குரியது என்பதை ஒவ்வொரு கந்தோரும் மிகத் துல்லியமாக எடுத்துச் சொன்னது, எதுவும் தன்னுடையதல்ல. சில நாட்களில் கடற்படையே படகு விட்டது. திருகோணமலையில் பல பத்தாண்டுகளாகத் தளம் வைத்திருக்கும் கடற்படை! குறிஞ்சாக்கேணிக்கும் படகு ஓடும் என்று கண்டுபிடிக்க அந்தச் சிறுவர்களின் ஜனாஸாக்கள் தேவைப்பட்டன என்றால், நம் அரசின் உளவு வலிமையை எதிரிகள் எடைபோடட்டும்.

பரிசு யாருக்கு என்று பொடியன்மார் கேட்டால் நான் பதில் வைத்திருக்கிறேன். எல்லாருக்கும் சமமாக. நானூறு ஆண்டில் ஒருவரும் தன் முறையை இங்குள்ள சனங்கள் மேல் வீணாக்கவில்லை. அந்தக் கட்டுப்பாட்டில் டேனியர் முதல் கொழும்பு வரை ஒருவருக்கொருவர் சளைத்தவர் அல்லர்.

அடுத்து முறை எடுக்கப்போகிற ஐயாமாருக்கு ஒரு சிறு விண்ணப்பம். துறைமுகத்தின் ஆழத்தை இனி அளக்க வேண்டாம். அது போர்த்துக்கேயர் காலம் தொட்டு அளந்து முடித்தது. வரும்போது களப்பின் அகலத்தை அளக்க ஒரு அளவு நாடா கொண்டு வாருங்கள். இல்லையென்றால் சொல்லுங்கள், நாங்களே தருகிறோம்.