தலைக்கனம் வேணும்

வா நைனா, திண்ணையில குந்து. சிப்காட்டுல ஷிஃப்ட் முடிஞ்சு வந்தும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உன் ரூம்ல லைட்டு எரியுது. பையன் அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறான்னு நெனச்சு வாடகையைக்கூட ஏத்தாம விட்டேன். இப்பத்தான் தெரியுது, நீ ஏரோப்பிளேன் ஒட்டிக்கினு இருக்கே!

காட்டு, பாக்கலாம். அட, சீ ஹாக்கு! ரேடியோவுல கேட்ட பேரு. 1971 டிசம்பர் 4-ஆம் தேதி விக்ராந்த் கப்பல்லேருந்து பறந்துபோய் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் அடிச்சது இதுதானே? அப்போ அந்தக் கப்பலுக்குப் பாய்லர்ல விரிசல், முழு வேகத்துல போக முடியாது. அப்படியும் சண்டைக்குப் போச்சு. நீ தும்மினாலே லீவு போடுற ஆளு. கப்பல்ல இடம் பத்தாதுன்னு இதுக்கு ரெக்கையை மேலே மடக்கி வெப்பாங்க. உன் பத்துக்குப் பத்து ரூமுக்கு நீயும் அப்படியே மடக்கிச் செஞ்சிருக்கலாம்.

சரி, அதென்ன முதுகுல இவ்ளோ பெரிய சந்து? ஒரு மில்லிமீட்டர்தான் தாத்தாங்கிறியா? இது 72-ல ஒரு பங்கு மாடலு. கணக்குப் போடு: நெஜ விமானத்துல அது ஏழு சென்டிமீட்டர். பெருச்சாளி புள்ளகுட்டியோட குடிபோகும்! கம்பெனியில மைக்ரோமீட்டர் புடிக்கிற கை, வீட்டுல பசையைக் கண்டதும் பறக்குது. ஒட்டறதுக்கு முன்னால சும்மா சேர்த்துப் பாரு. இடிச்சா உப்புத்தாள்ல ராவு. முப்பது வருஷம் ஃபிட்டரா இருந்தவன் சொல்றேன்.

அய்ய, இதென்ன வாலுக்குக் கீழே தீப்பெட்டி முட்டு? எடுத்தா, சோத்துக்குக் காத்திருக்கிற நாயாட்டம் மூக்கைத் தூக்கிக்கினு குந்துதா? குந்தாம என்ன செய்யும்! நெஜத்துல மூக்குப் பக்கம் 20 மில்லிமீட்டர் பீரங்கி நாலு கனத்துக்கினு இருக்கும். உன்னுது வெறும் பிளாஸ்டிக்கு. பழவேற்காட்டுல வலைக்குக் கட்டற ஈயக்குண்டை உள்ளே வெச்சிட்டு அப்புறம் மூடியிருக்கணும். மனுஷனுக்குத் தலைக்கனம் ஆகாது நைனா. இதுக்கு அது இல்லாம ஆகாது. நீ ரெண்டையும் இடம் மாத்தி வெச்சிருக்கே.

மூஞ்சைத் தொங்கப்போடாதே. அந்தச் சந்துல கத்தியை விட்டு மெல்லப் பொளந்துடு. ஒழுங்கா ஒட்டினவனுக்கு இது நடக்காது. உன் கைவண்ணமே உன்னைக் காப்பாத்திடுச்சு. ஈயக்குண்டு நான் தரேன். வாடகையில சேர்த்துக்கிறேன்.