நான்கு பேருக்கு எத்தனை சாவி?

கேள்வி: வீட்டு விண்டோஸ் கணினியில் நான்கு பேருக்கும் அட்மின் கணக்கு. என் கணக்கு மட்டும் திறக்கவில்லை. மற்றவற்றை நீக்கிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது, கைவசமுள்ள மாற்றுச் சாவி அவைதான். உங்களுடையது அந்தக் கணினிக்கு மட்டுமான கணக்கு என்றால், இன்னொரு அட்மின் கணக்கில் நுழைந்து பாஸ்வேர்டை மாற்றலாம்; விண்டோஸ் வழியாக என்கிரிப்ட் செய்த கோப்புகள் இருந்தால் மட்டும் அவை திறக்காமல் போகக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் இணையத்தில்தான் மாற்ற வேண்டும். 'அப்படியானால் நால்வரும் அட்மினாக இருப்பது நல்லதுதானே?' என்று கேட்கலாம். இல்லை. அட்மின் அனுமதியோடு ஓடும் வைரஸ் கணினி முழுவதையும் ஆளும். விண்டோஸ் விஸ்டா முதல் உள்ளமைந்த அட்மின் கணக்கை இயல்பாகவே முடக்கி வைத்திருப்பதும் பாதுகாப்புக்காகத்தான். மூலைக்கொரு சாவி இருந்தால் பூட்டு எதற்கு? அட்மின் கணக்கு இரண்டு போதும். அன்றாட வேலைக்கு எல்லாருக்கும் சாதாரணக் கணக்கே காவல்.