புலி சொன்னால் சரிதான்

சின்னமனூர் பேருந்து நிலையத்தில் மேகமலை வண்டிக்காகக் காத்திருந்த இருவருக்கும் ஒரே விஷயத்தில்தான் ஒற்றுமை: இருவருக்கும் சர்க்கரை இல்லாத டீ. ஒருவர் ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியார். மற்றவர் கட்சி மேடைகளில் தொண்டை வளர்த்தவர். ஊரில் 'மைக்செட்' என்றால்தான் தெரியும்.

பேச்சு பொட்டிப்புரத்துக்குப் போனது. போடி மேற்கு மலையைக் குடைந்து, 50,000 டன் இரும்பைக் காந்தமாக்கி, நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்க மத்திய அரசு 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்த இடம் அது.

"உங்க உடம்பு வழியா நொடிக்குப் பல லட்சம் கோடி நியூட்ரினோ போய்க்கிட்டே இருக்கு தம்பி. யாருக்காவது வலிச்சுச்சா?"

"இதையேதான் சார் ஊர்லயும் போய்ச் சொன்னீங்க. லட்சம் கோடி உடம்புக்குள்ள பூருதுன்னதும் பாதிப் பேர் பயந்துட்டாங்க. மிச்சப் பேரை நான் பாத்துக்கிட்டேன்."

"எப்படி?"

"பாறைக்கு வெடி வச்சா முல்லைப் பெரியாறு அணை என்னாகும்னு கேட்டேன். நான் பதில் சொல்லவே இல்லை. வீட்டுச் சுவத்துல அந்த அணையைக் கட்டுன பென்னி குவிக் படம் மாட்டியிருக்கிற சனத்துக்கு எதுக்கு சார் பதில்?"

வாத்தியாருக்கு டீ புரையேறியது. "அப்துல் கலாமே 2015-ல ஆதரிச்சுக் கட்டுரை எழுதினாரே!"

"கலாம் ஐயா படத்துக்கு மாலை போட்டுத்தான் கூட்டத்தையே ஆரம்பிச்சேன். கட்டுரையை மட்டும் மேடைக்குக் கூப்பிடல."

"கோலார் தங்கச் சுரங்கத்துல 1965-லேயே நியூட்ரினோவைப் பிடிச்ச நாடுய்யா இது!"

"பொட்டிப்புரத்துக்காரன் கோலாரைக் கேக்கல சார். ஆடு மாடு எங்க மேயும், தண்ணி எங்கேருந்து எடுப்பீங்கன்னு கேட்டான். நீங்க பலகையில படம் போட்டு அணுவுக்குள்ள போயிட்டீங்க."

மைக்செட் நெஞ்சை நிமிர்த்தினார். வாத்தியார் விடவில்லை.

"2017-ல பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வச்சப்போ உங்க கேசட்டைப் போட்டா கேட்டாங்க? மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு தூரத்தைத்தான் பாத்தாங்க. 2018-ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுபடி அனுமதி கொடுத்துச்சு. 2022-ல தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துல வேண்டாம்னப்போ, பெரியாறு புலிகள் காப்பகத்துக்கும் மதிகெட்டானுக்கும் நடுவுல புலி போற வழி இதுன்னு எடுத்துச் சொல்லுச்சு. ஆய்வகத்துக்கு முதல்ல பாத்த நீலகிரி சிங்காராவையும் 2009-ல மறுத்துட்டாங்க. அது யானை வழித்தடம்."

"ஆக, அங்க யானை, இங்க புலி. நம்ம ரெண்டு பேரும் சும்மா கத்தியிருக்கோம்."

"மேகமலையே 2021-ல புலிகள் காப்பகம் ஆயிடுச்சே!"

"நீங்க புலியைப் பாத்திருக்கீங்களா சார்?"

"கேமராவுல பதிவாகியிருக்கு."

மைக்செட் யோசித்தார். புலி மேடை ஏறவில்லை, கைதட்டு வாங்கவில்லை, கணக்கும் சொல்லவில்லை. "அது எந்தக் கட்சி சார்? தேர்தலுக்குள்ள நம்ம பக்கம் இழுத்துடணும்."